தட்டில் நின்ற தோடி: திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் மேளமும் ஒலிப்பதிவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) இசைவாழ்வு பெரும்பாலும் தனிமனித மேதைமையின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. அவ்வரலாற்றுக்கு அவருடைய இசைத்தட்டுகள், குறிப்பாகத் தோடி இராகப் பதிவு, முதன்மைச் சான்றாகக் காட்டப்படுகின்றன. அப்பதிவுகளைப் பெரிய மேளம் என்னும் குழுவின் ஆவணங்களாகவும், குத்தாலம் வட்டாரத்தின் கைவினை மரபின் விளைவுகளாகவும் மீண்டும் வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது. இசைத்தட்டு ஒரு கலைஞருக்குப் பெயரையும் மதிப்பையும் தந்தது. அதே வேளையில் அவரைத் தாங்கிய குழுவைக் கேட்பவரின் கவனத்திலிருந்து விலக்கியது. இவ்விரு விளைவுகளையும் ஒருசேரக் காணாத திறனாய்வு குறைவுடையது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நாகசுரம், பெரிய மேளம், இசைத்தட்டு, தோடி, பாரி நாயனம், ஒத்து, நரசிங்கம்பேட்டை, குத்தாலம்.

முன்னுரை

இலக்கியத் திறனாய்வில் மூலபாடம் எது என்ற வினா முதலில் எழுவது. இசைத் திறனாய்விலும் அவ்வினா எழ வேண்டும். எழுதப்படாத இசைக்கு மூலபாடம் எது? ஒலிப்பதிவு கிடைக்கும்போது அதையே மூலபாடமாகக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. மீண்டும் மீண்டும் கேட்கலாம், நிறுத்தி ஆராயலாம், பிறருக்குச் சான்றாகக் காட்டலாம் என்பவை அதன் வசதிகள். ஆனால் ஒலிப்பதிவும் ஒரு பதிப்பே. எல்லாப் பதிப்புகளையும் போல அதுவும் சிலவற்றைச் சேர்த்துச் சிலவற்றை விலக்கி உருவானது. எதை விலக்கியது என்று கேளாமல் அதன் இசையை மதிப்பிட இயலாது.

இராஜரத்தினம் பிள்ளை குறித்த ஆய்வுகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. பி. எம். சுந்தரம் எழுதிய ‘மங்கல இசை மன்னர்கள்’ நாகசுர, தவில் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தது. அத்தொகுப்பு இல்லையெனில் பல கலைஞர்களின் பெயர்களே இன்று எஞ்சியிரா. ஜப்பானிய இசை மானிடவியலாளர் யோஷிதாகா தெராதா 1992இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, இராஜரத்தினம் பிள்ளையின் ஆளுமை பல தரப்பினராலும் எவ்வாறெல்லாம் பொருள்கொள்ளப்பட்டது என்பதை ஆராய்ந்தது. முன்னது வாழ்க்கையையும் பின்னது ஆளுமையையும் மையமாகக் கொண்டவை. ஒலிப்பதிவைக் குழுவின் ஆவணமாக வாசிக்கும் முயற்சி இவற்றின் அடுத்த படியாக அமையக்கூடும்.

1. குத்தாலம் வட்டாரமும் பெரிய மேளமும்

திருத்துருத்தி எனத் தேவாரம் பாடும் குத்தாலம், இன்று மயிலாடுதுறை மாவட்டத்தின் வட்டத் தலைநகர். திருவாவடுதுறை இவ்வட்டத்தைச் சேர்ந்தது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை, குத்தாலம் என்று நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுள் நரசிங்கம்பேட்டை நாகசுரம் செய்யும் ஆசாரிகளின் ஊர். திருவாவடுதுறை சைவ ஆதீனத்தின் இருப்பிடமாக மட்டுமன்றி, நாகசுரத்தின் சீவாளி செய்வோரின் ஊராகவும் பெயர்பெற்றது. கருவியைக் கடைபவர், சீவாளி கட்டுபவர், வாசிப்பவர், வாசிப்பைப் போற்றிப் பொருள் தரும் மடமும் கோயிலும் ஆகிய அனைத்தும் சில கல் தொலைவுக்குள் அமைந்த வட்டாரம் இது. இராஜரத்தினம் பிள்ளை இவ்வட்டாரத்தில் பிறந்தவர் அல்லர்; நாகப்பட்டினம் பகுதியிலுள்ள திருமருகலில் பிறந்தவர். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் வளர்ப்பில் இருந்ததால் அவருடைய முன்னெழுத்துகள் அமைந்தன. ஆயினும் அவரை உலகம் அறிந்தது திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகவே.

‘பெரிய மேளம்’ என்ற சொல் ஒரு கருவியைக் குறிப்பதன்று. ஒரு குழுவைக் குறிப்பது. ஆடலுக்குரிய ‘சின்ன மேளம்’ என்பதிலிருந்து வேறுபடுத்த எழுந்த பெயர் அது. நாயனம், தவில், ஒத்து, தாளம் என்பவை அதன் உறுப்புகள். முதல் நாயனக்காரர் மூச்சு வாங்கும் இடத்தை இரண்டாம் நாயனக்காரர் நிரப்புவார். ஒத்துக்காரர் சுருதியை அறாமல் ஊதிக்கொண்டிருப்பார். கன்னங்களில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஒரே சுரத்தை மணிக்கணக்கில் நிறுத்தும் உழைப்பு அது. ஆயினும் ‘ஒத்து ஊதுதல்’ என்பது தமிழ் வழக்கில் சொந்தக் கருத்து இல்லாதவனின் செயலாக இழிவுப்பொருள் பெற்றுவிட்டது. மேளத்தின் அடித்தளத்தைத் தாங்கிய உழைப்பை மொழியே எவ்வளவு எளிதாகக் கருதியது என்பதற்கு இத்தொடர் ஒன்றே போதும்.

இக்குழுவின் இசை நடந்துகொண்டே வாசிக்கப்பட்டது. சுவாமி புறப்பாட்டின்போது தவிலின் அலாரிப்பும், கம்பீர நாட்டையில் மல்லாரியும் முன்னே வர, அதன்பின் இராகம் தொடங்கும். திருவீதி நான்கும் சுற்றிவருமளவும் இரவு நீளும். சுவாமி நின்ற இடத்தில் ஆலாபனை நின்று விரியும். சுவாமி நகர்ந்தால் இசையும் நகரும். ஓர் இராகம் எவ்வளவு நேரம் வாசிக்கப்பட வேண்டும் என்பதை முடிவுசெய்தவர் கலைஞர் மட்டுமல்லர். வீதியின் நீளமும், சுவாமி தாங்கிகளின் நடையும், கூடிநின்ற கேட்போரின் விருப்பமும் அதை முடிவுசெய்தன.

2. கருவி: திமிரியிலிருந்து பாரிக்கு

பழைய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி மிகுந்தது. திறந்த வெளியில் நெடுந்தூரம் கேட்க ஏற்றது. பாரி நாயனம் அதைவிட நீண்டது, சுருதி தாழ்ந்தது. திமிரியில் பிரதி மத்திமம் இயல்பாக ஒலிக்கும். சுத்த மத்திமத்தையோ, வாசிப்பவர் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் வருவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கிச் சுத்த மத்திமம் செம்மையாக ஒலிக்கும் பாரி நாயனத்தை வடித்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அம்முயற்சிக்குத் தூண்டுதலாகவும் செவிச்சான்றாகவும் விளங்கியவர் இராஜரத்தினம் பிள்ளை.

தோடியோடு இச்செய்தியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எட்டாவது மேளகர்த்தாவாகிய தோடி, சுத்த மத்திமம் கொண்ட இராகம். அதன் உயிர்நிலை சாதாரண காந்தாரத்தின் அசைவில் உள்ளது. அவ்வசைவு மத்திமத்தைத் தொட்டுத் திரும்பும். மத்திமம் உறுதியற்றிருந்தால் காந்தாரமும் நிலைகொள்ளாது. ஆகவே தோடியை நிறைவாக வாசிக்க வேண்டும் என்ற வேட்கையும், சுத்த மத்திமத்தை மரத்திலேயே அமைக்க வேண்டும் என்ற வேட்கையும் ஒரே திசையில் சென்றவை. இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் புகழும் எழுத்துகள் அவருடைய மூச்சையும் விரலையும் கற்பனையையும் பேசுகின்றன. ஆச்சா மரத்தைக் கடைந்து துளைகளின் இடைவெளியைத் தேர்ந்த கையையும், ஆற்றங்கரை நாணலை வெட்டி உலர்த்திப் பதப்படுத்திச் சீவாளியாகக் கட்டிய கையையும் அவை அரிதாகவே பேசுகின்றன. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு 2022இல் கிடைத்தது. ஊருக்குக் கிடைத்த அந்த ஏற்பு, அவ்வூரில் பிறந்த ஒலியை ஆராயும் எழுத்துகளிலும் இடம்பெற வேண்டும்.

சுருதியைத் தாழ்த்தியதற்கு இன்னொரு பயனும் உண்டு. இராஜரத்தினம் பிள்ளை இளமையில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றவர். அவருடைய வாசிப்பில் குரலின் நெகிழ்வும் வழுக்கலும் மேலோங்கி நிற்பதற்கு அப்பயிற்சி ஒரு காரணம். தாழ்ந்த சுருதி கருவியைக் குரலுக்கு அருகில் கொண்டுவந்தது. திறந்த வீதிக்கு வெளியே, மூடிய அறையிலும் ஒலிவாங்கியின் முன்னும் செவிக்கு இதமாக ஒலிக்கும் தகுதியையும் தந்தது. ஒலிப்பதிவுக்கு உகந்ததாக நாகசுரம் மாறியதில் மரத்தின் பங்கு இது.

3. மூன்று நிமிடத் தோடி

இராஜரத்தினம் பிள்ளையின் வாழ்நாளில் விற்பனைக்கு வந்தவை நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். வீதியில் மணிக்கணக்கில் விரிந்த இராகம் இந்த அளவுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இதைச் சுருக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இது வேறொரு வடிவம்.

வீதியில் இராகத்துக்கு முன் மல்லாரி உண்டு, தட்டில் இல்லை. ஊசி வைத்த கணத்திலேயே இராகத்தின் முகம் தெரிய வேண்டும். வீதியில் ஒரு சுரத்தில் நெடுநேரம் தங்கிக் கேட்போரை அதற்குப் பழக்கிய பிறகே அடுத்த சுரத்துக்குச் செல்லலாம். தட்டிலோ மத்திய ஸ்தாயியிலிருந்து தார ஸ்தாயிக்குச் செல்லும் ஏற்றத்தை விரைந்து முடிக்க வேண்டும். ஓர் இராகத்தை இரு பக்கங்களில் பதியும்போது இடையில் தட்டைத் திருப்ப வேண்டும். அம்முறிவுக்கு ஏற்ற நிறுத்தத்தையும் கலைஞரே கண்டுகொள்ள வேண்டும். இக்கட்டுப்பாடுகளுக்குள் காந்தாரத்தின் கனத்த அசைவையும், பஞ்சமத்தை விலக்கிச் செல்லும் பிடிகளையும், மின்னி மறையும் பிருகாக்களையும், அவற்றுக்கு எதிர்நிலையாக நீண்ட கார்வைகளையும் அமைத்தது இராஜரத்தினம் பிள்ளையின் வெற்றி. நெடிய காப்பியம் பாடிப் பழகியவர் வெண்பாவிலும் வெல்வதற்கு ஒப்பானது அது.

ஆயினும் வெண்பாவைக் கொண்டு காப்பியத்தை அளக்கலாகாது. குறுகிய நேரம் விரைவுக்குச் சலுகை தருகிறது. பிருகா ஒரு நொடியில் தன்னைக் காட்டிக்கொள்ளும். கார்வை தன் பொருளைக் காட்ட நேரம் வேண்டும். எனவே தட்டைக் கேட்டுப் பயின்றவர்க்குப் பிருகாவே இராஜரத்தினம் பிள்ளையின் பாணியாகப் புலப்படும் வாய்ப்பு மிகுதி. ஜி. என். பாலசுப்பிரமணியம் அவருடைய நாகசுரத்தால் ஈர்க்கப்பட்டவர் என்பது பரவலாக அறியப்பட்டது. வாய்ப்பாட்டில் விரைந்த பிருகாக்களுக்குப் புதிய மதிப்பு ஏற்பட்டதோடு இந்த ஈர்ப்பை இணைத்துப் பேசுவோர் பலர். ஆனால் அப்பிருகாக்கள் வீதியில் எவ்வளவு நீண்ட அமைதிக்குப் பிறகு எழுந்தவை என்பதைத் தட்டு சொல்லாது. காத்திருப்பின் முடிவில் வந்த ஒன்று, தட்டில் காத்திருப்பின்றி வருகிறது. தட்டை மூலபாடமாகக் கொள்ளும் திறனாய்வு தவறும் இடம் இதுவே.

4. பெயரும் குழுவும்

வீதியில் மேளத்தைப் பார்த்தவர் குழுவைப் பார்த்தார். தட்டைக் கேட்டவர் பெயரைக் கேட்டார். இராஜரத்தினம் பிள்ளையோடு வாசித்த தவில் கலைஞர்களில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலைசிறந்தவர். அவ்விருவரும் சேர்ந்த கச்சேரி என்றாலே கூட்டம் திரண்டது என்பர். அவ்வளவு பெரிய தவில்காரருக்கும் மூன்று நிமிட ஆலாபனைப் பதிவில் கிடைக்கக்கூடிய இடம் மிகச் சிறியது. தனி ஆவர்த்தனத்துக்கு அங்கே இடமே இல்லை. நாயனத்துக்கும் தவிலுக்கும் இடையே இரவெல்லாம் நிகழ்ந்த உரையாடல் தட்டில் நாயனத்தின் தனிமொழியாகிவிடுகிறது.

பெயருக்கும் குழுவுக்கும் இடையிலான இந்த இடைவெளி தமிழிசைக்கு மட்டும் உரியதன்று. 1993இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில் நகரில் தோன்றிய ‘பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ்’ என்னும் மாற்று ராக் குழு, முன்னணிக் கிதாரை விலக்கிப் பியானோவை முதன்மைக் கருவியாகக் கொண்டது. பெயர் ஐவர் என்றது, இருந்தவர் மூவர். பியானோ வாசித்தவரின் பெயரே குழுவின் பெயராயிற்று. நகர்த்தற்கரிய பியானோவை ஊர் ஊராகச் சுமந்து சென்று மேடையேற்றியது அக்குழு. நாகசுரத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. நடந்தே பழகிய கருவியை ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது இசைத்தட்டு. இரு சூழலிலும் தலைமைக் கருவியின் பெயர் நிலைபெற்றது, ஒப்பீடு அம்மட்டே. அங்கே பெயர் இல்லாத இருவரையும் கூட்டிக் காட்டியது. இங்கே கூட இருந்தவரையும் பெயர் கழித்துவிட்டது.

ஒத்துக்கு நேர்ந்தது இக்கழித்தலின் முடிந்த நிலை. பிற்கால மேளங்களில் ஒத்துக்காரரின் இடத்தைச் சுருதிப் பெட்டி பெற்றது. சுருதி சீராக நின்றது என்பது மெய்யே. ஒரு மனிதரின் பிழைப்பு மேளத்திலிருந்து போயிற்று என்பதும் மெய். சுருதி எவ்வாறு நின்றது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாத கேள்விமுறையை ஒலிப்பதிவு உருவாக்கியிருந்ததால், அவ்விழப்பு பெரிதாகப் பேசப்படவில்லை.

5. மேடை, உடை, மதிப்பு

தனிப்பெயர் குழுவை மறைத்தது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது இராஜரத்தினம் பிள்ளைக்கு இழைக்கும் அநீதியாகும். இசை வேளாளர் மரபில் வந்த நாகசுரக் கலைஞர், கோயிலிலும் பண்ணையார் இல்லத் திருமணத்திலும் ஏவலுக்குரியவராகவே நடத்தப்பட்டார். மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவாறே வாசிப்பது வழக்கம். வாய்ப்பாட்டுக்காரர் மேடையில் அமர, நாயனக்காரர் வாசலில் நின்றார். இந்த ஏற்றத்தாழ்வை ஏற்க மறுத்தவர் இராஜரத்தினம் பிள்ளை. குடுமியைக் களைந்தார், சட்டையும் சேர்வானியும் அணிந்தார், மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று வற்புறுத்தினார். அவருடைய பிடிவாதத்தை ஆணவம் என்று குறித்த எழுத்துகள் உண்டு. அப்பிடிவாதத்தின் பயனை அவருக்குப் பின்வந்த நாயனக்காரர் அனைவரும் பெற்றனர்.

இப்போராட்டத்தில் இசைத்தட்டு அவருக்குத் துணைநின்றது. தட்டுக்கு நிற்றலும் இருத்தலும் இல்லை. வாசலும் கூடமும் இல்லை. வீட்டுக் கூடத்தில் பாடகரின் தட்டு சுழன்ற அதே பெட்டியில் நாயனக்காரரின் தட்டும் சுழன்றது. வாசலைத் தாண்டி உள்ளே வராத கலைஞரின் ஒலி கூடத்தின் நடுவில் இடம்பெற்றது. தனிப்பெயர் என்பது மற்றொருவருக்கு விளம்பரமாக இருக்கலாம். இவர் மரபினருக்கு அது மறுக்கப்பட்டிருந்த மதிப்பு. 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்ற தருணத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பாகத் தில்லி சென்று அவர் வாசித்ததும் இம்மதிப்பின் வரிசையிலேயே வைத்து எண்ணத்தக்கது.

எனவே ஒரே தட்டு இருவகையில் செயற்பட்டது. சாதி வரையறைகளிலிருந்து ஒரு கலைஞரை அது உயர்த்தியது. அவ்வாறு உயர்த்தும்போது அவருடைய தவில்காரரையும் ஒத்துக்காரரையும் ஆசாரியையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

6. வானொலியும் திரையும்

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. காவிரிப்படுகையின் மேளக்காரருக்குத் திருச்சி நிலையம் அண்மையில் அமைந்தது. வானொலியின் நேரம் தட்டின் நேரத்தினும் நீண்டது. ஆலாபனைக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆயினும் வீதிக்கும் வானொலிக்கும் உள்ள தொலைவு குறையவில்லை. நேரத்தை இப்போது முடிவுசெய்தது நிலையத்தின் கடிகாரம்.

திரைப்படம் வேறொரு வழியைத் திறந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ (1940) படத்தில் இராஜரத்தினம் பிள்ளை தலைமைப் பாத்திரம் ஏற்றார். நாயனக்காரர் ஒருவர் புலவர் வேடத்தில் திரையின் நடுவே நின்றது அவருடைய புகழின் அளவைக் காட்டும். அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் வாசித்த ‘கொஞ்சும் சலங்கை’ (1962) நாகசுரத்தைப் பெண்குரலோடு இணைத்து மக்களிடம் கொண்டுசென்றது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்கு எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தனர். இம்மூன்றாவது படத்தில் ஒரு சிறப்பு உண்டு. அதில் நாயகர் தனியாக வருவதில்லை. இரண்டாம் நாயனக்காரரும் தவில்காரரும் பெயருடைய பாத்திரங்களாக உடன் வருகின்றனர். டி. எஸ். பாலையா ஏற்ற தவில்காரர் பாத்திரத்தை மறந்துவிட்டு அப்படத்தை நினைவுகூர இயலாது. இசைத்தட்டு மறைத்த குழுவைக் கொத்தமங்கலம் சுப்புவின் கற்பனையும் அதைத் தழுவிய திரையும் காப்பாற்றி வைத்தன.

தி. ஜானகிராமனின் ‘செய்தி’ சிறுகதையும் இங்கே நினைக்கத்தக்கது. ஊர்வலத்துக்கு வெளியே, வெளிநாட்டு இசைஞர் ஒருவர் கேட்க வாசிக்கப்படும் நாகசுரம், மொழியும் சடங்கும் அறியாத அவரிடம் தன் பொருளைச் சேர்ப்பிப்பதை அக்கதை காட்டுகிறது. சூழலை இழந்த இசையும் பேசும் என்பது அதன் நம்பிக்கை. இசைத்தட்டின் நம்பிக்கையும் அதுவே. ஆனால் அக்கதையில் கேட்பவர் எதிரே இருக்கிறார். வாசிப்பவரின் முகத்தைக் காண்கிறார். தட்டைக் கேட்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே அவர் காணாதவரையும் கேட்பதற்குத் திறனாய்வு துணைசெய்ய வேண்டியிருக்கிறது.

முடிவுரை

இராஜரத்தினம் பிள்ளையின் தோடி, மூன்று நிமிட எல்லைக்குள் ஓர் இராகத்தின் முழு உருவத்தை நிறுத்திய அரிய கலைச்செயல். அதன் பெருமை குறைக்கப்பட வேண்டியதன்று. சரியாகப் பங்கிடப்பட வேண்டியது. அத்தட்டை ஆராய்பவர் தனிமனிதக் கற்பனையோடு மத்திமத்தின் பின்னுள்ள மரத்தையும், சுருதியின் பின்னுள்ள மூச்சையும், நிறுத்தத்தின் பின்னுள்ள தட்டின் அளவையும், விரைவின் பின்னுள்ள இழந்த காத்திருப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இது பழைய தட்டுகளைப் பற்றிய வினா மட்டுமன்று. இன்று திருமணங்களில் மேளம் முகூர்த்த நேரத்துக்குரிய ஒலியாகச் சுருங்கி வருகிறது. எஞ்சிய நேரத்தைப் பதிவுசெய்த இசை நிரப்புகிறது. அரங்கக் கச்சேரியின் அளவுகோலையும் தட்டின் அளவுகோலையும் மட்டுமே கொண்டு நாகசுரத்தை மதிப்பிட்டால், சிறந்த தனிக்கலைஞர் சிலரைப் போற்றிக்கொண்டே மேளம் என்னும் குழுவை இழந்துவிட நேரும். குத்தாலம் வட்டாரத்தில் கருவி கடைபவரும், சீவாளி கட்டுபவரும், தவில் கட்டுபவரும், புறப்பாட்டில் நடந்து வாசிப்பவரும் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் அறிவைக் களப்பணியால் பதிவுசெய்து, பழைய ஒலிப்பதிவுகளோடு இணைத்து வாசிக்கும் பணி காலம் தாழ்த்தாது தொடங்கப்பட வேண்டும். தட்டில் நின்ற தோடி எந்த வீதியில் நடந்து வந்தது என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.